உறைவிந்தும் முருங்கைக் கொத்தும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

பட்டறைச் சத்தம் கேட்கிற நம் கணபதிக்கு வந்து, மாட்டுக்குச் சினை ஊசி போடுவதைப் பற்றி இவன் பேசுகிறானே என்று சிரிக்காதீர்கள். காலையில் நீங்கள் குடித்த காப்பிக்குப் பெரும்பாலும் அந்த ஊசியில்தான் ஆரம்பம்!

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரே மாட்டை வைத்துப் பிழைத்த ஓர் அம்மா வந்தார். "ஏனுங்க டாக்டரே, மூணாந்தரமும் சினை நிக்கலீங்க. வித்துப்போடட்டுங்களா?" என்றார். மாட்டில் குறை இல்லை. பிறகு கேனில் மிச்சமிருந்த குச்சிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஓடுகிற உயிரணு ஒன்றிரண்டுதான்! பேச்சுக் கொடுத்துக்கொண்டே குச்சிகளைக் கேனின் கழுத்துக்கு மேலே தூக்கித் தூக்கித் தேடிய என் அவசரம்தான் காரணம். ஒரு பருவம் தவறினால் 21 நாள் தீவனம் வீண். மூன்று தரம் என்றால் இரண்டு மாதம். நான் போய் உண்மையைச் சொல்வதற்குள் மாடு சந்தைக்குப் போய்விட்டது. அந்த முகம் இன்றும் மறக்கவில்லை.

கால் மில்லி பிடிக்கிற ஒரு குச்சியில் சுமார் 2 கோடி உயிரணுக்கள். திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறங்குகின்றன. 1949-ல் இங்கிலாந்தில் போல்ஜ் என்பவரும் அவருடைய தோழர்களும், லேபிள் மாறிப்போன ஒரு பாட்டிலின் புண்ணியத்தால், கிளிசரின் உறைபனியிலிருந்து உயிரணுவைக் காக்கும் என்று கண்டார்கள். கிளிசரினும் முட்டை மஞ்சள் கருவும் சேர்த்தும்கூட, நன்றாக உறையவைத்த விந்திலேயே ஏறக்குறைய பாதி உயிரணுக்கள் இறந்துவிடுகின்றன.

ஏன்? உயிரணுவின் மேலுறை கொழுப்பால் ஆனது. உறைந்து உருகும்போது ஆக்சிஜன் அதைத் தாக்குகிறது. நம் வீட்டு மொழியில் சொன்னால், எண்ணெய் காறிப்போகிற கதைதான். எருமை விந்தில் இந்தச் சேதம் இன்னும் அதிகம். இறந்த உயிரணுக்கள் பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும், கூடையில் அழுகின தக்காளி மாதிரி.

காறலுக்கு மருந்து நம் ஆத்தாமார்களுக்குத் தெரியும். வெண்ணெய் உருக்கும்போது ஒரு கொத்து முருங்கைக்கீரை போடுவார்கள். மணத்துக்கு மட்டுமல்ல, நெய்யும் சீக்கிரம் காறாது. கடலை எண்ணெயைவிட நல்லெண்ணெய் நாள்பட நிற்பதற்கும் எள்ளில் உள்ள இயற்கையான ஆன்டி-ஆக்சிடன்ட்தான் காரணம். அதே யோசனையில் இன்று முருங்கை இலை, கிரீன் டீ, ரோஸ்மேரி ஆகியவற்றின் சாறுகளை விந்துக் கரைசலில் சேர்த்துப் பல நாடுகளில் சோதிக்கிறார்கள். உருகிய பிறகு ஓட்டம் கூடுவதாகப் பல சோதனைகள் சொல்கின்றன.

ஆனால் அவசரப்பட வேண்டாம். அளவு மிஞ்சினால் சாறே நஞ்சு. கருவுறுவதற்கு உயிரணுவுக்குக் கொஞ்சம் ஆக்சிஜன் வேகமும் தேவை. தவிர, ஒரு தோட்டத்து இலை போல இன்னொரு தோட்டத்து இலை இருக்காது. மைக்ராஸ்கோப்பில் ஓடினால் போதாது, மாடு சினை நிற்க வேண்டும். அதுதான் பரீட்சை.

மாணவச் செல்வங்களே, இங்கேதான் உங்களுக்கு வேலை இருக்கிறது. இலைச்சாற்றில் எது வேலை செய்கிறது என்று வேதியியல்காரர் பிரித்துத் தரட்டும்; விலங்கியல்காரர் அளவைக் கண்டுபிடிக்கட்டும். நல்ல காங்கேயம் காளை ஒன்று இறந்துபோனால், நமக்கு மிஞ்சுவது அதன் குச்சிகள் மட்டும்தான். அதில் ஒவ்வோர் உயிரணுவும் சொத்து.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். எத்தனை நல்ல சாறு சேர்த்தாலும், கேனில் நைட்ரஜன் வற்றினாலோ, குச்சியை 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி வைத்து உருக்கச் சோம்பினாலோ, எல்லாம் வீண். இது அந்த அம்மாவின் மாடு எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.