எல்லைக் கல்லுக்கு இருபுறமும் ஒரே பாடுதான்



“எல்லாவற்றையும் அரியலூர்க்காரன் கொண்டுபோய்விட்டான்” என்று பெரம்பலூர் டீக்கடையில் பேசுகிறார்கள். “பெரம்பலூர்க்காரன் நம்மைத் தலையெடுக்க விட்டானா?” என்று அரியலூர் டீக்கடையில் பேசுகிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் தூரம்தான். இந்தச் சண்டை எங்கிருந்து வந்தது? இதனால் யாருக்கு லாபம்? இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையம் ஆகிய மூன்று தாலுகாக்களும் பழைய திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தவை. ஆண்டிமடத்து விவசாயி கலெக்டரிடம் ஒரு மனுக் கொடுக்க வேண்டுமானால் திருச்சிக்குப் போக வேண்டும். பஸ் சார்ஜும் போகும், ஒரு நாள் கூலியும் போகும். 1995ல் திருச்சி ஜில்லா மூன்றாகப் பிரிந்தது, பெரம்பலூர் தலைநகராயிற்று. ஆனால் ஆண்டிமடத்துக்காரருக்குப் பெரம்பலூரும் தொலைவுதான். 2001 ஜனவரி 1ந் தேதி அரியலூர் தனி ஜில்லாவாயிற்று. அவ்வருஷமே ஆட்சி மாறியது. 2002 மார்ச் 31ல் மறுபடியும் பெரம்பலூருடன் சேர்த்துவிட்டார்கள். 2006ல் மீண்டும் ஆட்சி மாறியது. 2007 நவம்பர் 23ல் மறுபடியும் தனி ஜில்லா! ஏழு வருஷத்துக்குள் மூன்று முறை போர்டு மாறியது. ஜனங்களின் தேவையா மாறியது? இல்லை. கோட்டையில் உட்கார்ந்தவர்கள்தான் மாறினார்கள்.

தனி ஜில்லா கேட்டது நியாயமா? நியாயம்தான். காரில் போகிறவருக்குத் தூரம் ஒரு பொருட்டல்ல. கூலியை விட்டுவிட்டுப் போகிறவருக்கு அது பெரும் பாரம். ஆகவே அரியலூர் மக்களின் கோரிக்கையை ஊர்ப் பொறாமை என்று யாரும் ஒதுக்கக்கூடாது. ஆனால், ஆபீஸ் கிட்டே வந்தால் மட்டும் போதுமா?

அரியலூர்ப் பக்கம் பாருங்கள். பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். அதை நம்பி சர்க்கார் சிமெண்ட் ஆலையும் தனியார் ஆலைகளும் நிற்கின்றன. கல் லாரியில் போகிறது. புழுதி வீட்டுக்குள் வருகிறது. ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி மின்நிலையம் வரும் என்று 1990களில் விவசாயிகளின் நிலத்தை எடுத்தார்கள். மின்நிலையம் வரவில்லை. நஷ்டஈட்டுக்காக ஜனங்கள் வருஷக்கணக்கில் கோர்ட்டுப் படி ஏறியதுதான் மிச்சம்.

பெரம்பலூர்ப் பக்கம் பாருங்கள். சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம். விளைந்தால் விலை இல்லை; விலை இருந்தால் விளைச்சல் இல்லை. திருமாந்துறைப் பக்கத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று சொல்லி ஏறத்தாழ மூவாயிரம் ஏக்கர் நிலம் வாங்கினார்கள். சொன்ன வேலைகள் வரவில்லை. நிலம் பல வருஷம் தரிசாய்க் கிடந்தது. பெரம்பலூர் நகருக்கு இரயில் நிலையமே கிடையாது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். அரியலூருக்கு ஒன்று கிடைத்தது, பெரம்பலூருக்குக் கிடைக்கவில்லை. பெரம்பலூர்த் தாய்க்கு இது வருத்தமாக இராதா? இருக்கும். ஆனால் அந்த ஆஸ்பத்திரியை அரியலூர்த் தொழிலாளியா தட்டிப் பறித்தான்?

ஜெயங்கொண்டத்தில் நிலம் இழந்தவரும் திருமாந்துறையில் நிலம் இழந்தவரும் வெவ்வேறு ஜில்லாவாக இருக்கலாம். வேதனை ஒன்றே.

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி பெரம்பலூரில் 5 லட்சத்து 65 ஆயிரம் பேர். மாநிலத்திலேயே குறைந்த ஜனத்தொகை அதுதான். அரியலூரில் 7 லட்சத்து 55 ஆயிரம் பேர். தனித்தனியே கேட்டால் குரல் கோட்டைக்குப் போய்ச் சேருமுன் தேய்ந்துவிடும். சேர்ந்து கேட்டால் 13 லட்சம் பேரின் குரல். இதற்கு ஜில்லாவை மறுபடி ஒட்ட வேண்டியதில்லை. செந்துறை மக்கள் அரியலூர் ஜில்லாவில் இருந்துகொண்டே குன்னம் தொகுதியில் பெரம்பலூர் ஜில்லா மக்களோடு சேர்ந்து ஓட்டுப் போடவில்லையா?

சேர்ந்து கேட்க என்ன இருக்கிறது? மூன்று விஷயங்கள் சொல்கிறேன்.

ஒன்று: 2015ல் வந்த சட்டத் திருத்தப்படி, சுரங்க முதலாளிகள் ராயல்டியோடு மாவட்டக் கனிம நிதிக்கும் பணம் கட்ட வேண்டும். அது சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான பணம். வந்த தொகையையும் செலவையும் கிராம சபையில் வாசிக்க வேண்டும்.

இரண்டு: வெங்காயத்துக்கும் பருத்திக்கும் கட்டுப்படியாகும் விலையும், வெங்காயத்தைப் பாதுகாக்கக் கிடங்குகளும் வேண்டும்.

மூன்று: அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்கு இரயில் பாதை வேண்டும். இது வெகுகாலக் கோரிக்கை. அந்தத் தண்டவாளம் ஒரு ஊரில் தொடங்கி இன்னொரு ஊரைத் தொடாமல் போக முடியாது, தோழர்களே!

ஆகவே, அடுத்த முறை டீக்கடையில் “அந்த ஊர்க்காரன்” என்று யாராவது ஆரம்பித்தால், “அந்த ஊர் விவசாயிக்கு வெங்காயம் என்ன விலைக்குப் போயிற்று?” என்று கேளுங்கள். சண்டை நின்று பேச்சு தொடங்கும்.