புலமைப்பரிசில் டியூசன்: எங்கே சேர்ப்பது?

(பொல்பிட்டியவில் தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்த கையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டாமல் பேசுகிறோம். நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை உள்ள லயத்துக்குப் போனால் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: "ஐயா, ஸ்கொலர்ஷிப்புக்கு எந்த கிளாஸுக்கு அனுப்புறது?"

முதலில் பரீட்சையைப் பார்ப்போம். இரண்டு வினாத்தாள். முதலாவதில் 40 கேள்விகள், ஒரு மணித்தியாலம். பிள்ளை யோசிக்கும் விதத்தைச் சோதிப்பது. இரண்டாவதில் 60 கேள்விகள், ஒன்றேகால் மணித்தியாலம். தமிழ், கணிதம், சுற்றாடல், ஆங்கிலம், சிங்களம் எல்லாம் வரும். ஒவ்வொன்றிலும் 35க்குக் குறையாமல், மொத்தம் 70 எடுத்தால் சித்தி. ஆனால் பெரிய பாடசாலைக்குப் போகவும், வருமானம் குறைந்த குடும்பம் உதவிப்பணம் பெறவும் வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். அது மாவட்டத்துக்கும் மொழிக்கும் ஏற்ப மாறும். 70ஐ விட மிக மேலே நிற்கும். "எல்லாரும் பாஸ்" என்று நோட்டீஸ் ஒட்டுகிறவரிடம், வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

ஒரு பிள்ளையின் கதையைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அம்மா தோட்டை அடகு வைத்து, டவுனில் பேர்போன கிளாஸில் சேர்த்தார். அங்கே சேர்க்கச் சொன்னதே நாங்கள்தான். மண்டபம் நிறையப் பிள்ளைகள், மாஸ்டர் மைக்கில் பேசுகிறார். இது கடைசி வாங்கில் இருந்து ஏழு மாதம் எழுதியது. கொப்பியைப் பார்த்தால் முத்து முத்தான எழுத்து. ஒரு கேள்வியைக் காட்டி, "இதுல என்னா கேட்டிருக்கு?" என்றோம். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. வாசித்து விளங்கவே கஷ்டப்பட்ட பிள்ளை அது. ரிசல்ட் வந்த அன்று அப்பாவுக்குப் பயந்து பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. நாங்கள் போய்க் கூட்டி வந்தோம். அந்தப் பிள்ளையின் மேல் பிழையில்லை. வாசிக்கத் தெரியுமா என்று முதலே பார்க்காதது எங்கள் பிழை.

ஆகவே இன்றிரவே தமிழ்ப் புத்தகத்தில் படிக்காத பக்கம் ஒன்றைக் கொடுத்து, வாசித்துக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் கதை விளங்குகிறதா என்று தெரியும். தடுமாறினால் அந்தப் பிள்ளைக்கு வேண்டியது மாதிரி வினாத்தாள் அல்ல, பக்கத்தில் இருந்து வாசிப்பிக்கும் ஓர் ஆள். தோட்டத்தில் சாதாரண தரம், உயர்தரம் படித்த அக்காமார் இல்லையா?

வாசிக்கிற பிள்ளையென்றால் முதலில் பாடசாலை டீச்சரிடம் கேளுங்கள். வெளியே சேர்ப்பதென்றால் ஒரு நாள் நீங்களே போய்ப் பின்னால் இருந்து பாருங்கள், அரைப்பேர் போனாலும் பரவாயில்லை. எத்தனை பிள்ளைகள், விடைத்தாளைத் திருத்தி எது ஏன் பிழை என்று சொல்லிக் கொடுக்கிறார்களா, அதைப் பாருங்கள். முழு வருஷக் காசை முன்கூட்டிக் கட்ட வேண்டாம். மே தொடக்கம் செப்டெம்பர் வரை நம்ம பக்கம் தென்மேற்கு மழை. பின்னேர கிளாஸ் முடிந்து பிள்ளை எந்த பஸ்ஸில் வரும், றோட்டிலிருந்து லயம் வரை யார் கூட்டி வருவது? சாப்பாடு, நித்திரை கெட்டால் படிப்பும் நிற்காது.

"இதுதான் வரும்" என்று ஊகவினா விற்கிறவர்களை நம்பாதீர்கள். 2024 செப்டெம்பர் பரீட்சையில் முதலாம் தாளின் 3 கேள்விகள் முன்கூட்டியே வெளியாகி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் அந்த 3 கேள்விகளுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுக்கச் சொன்னார்கள். முந்தி வாங்கியவர்களுக்கு என்ன மிச்சம்? பரீட்சைத் திணைக்களத்தின் பழைய வினாத்தாள்களே போதும், போனிலும் எடுக்கலாம்.

இன்னொன்று. நம்ம பக்கத்துச் சில பாடசாலைகள் ஐந்தாம் வகுப்போடு முடிகின்றன. வெட்டுப்புள்ளி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஆறாம் வகுப்புக்கு வேறு இடம் தேட வேண்டும். ரிசல்ட் வரும் வரை காத்திருக்காமல் இப்போதே அதிபரிடம் பேசுங்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பெயர் பிழையாக இருந்தால் எங்களிடம் கொண்டு வாருங்கள். திருத்த நாள் எடுக்கும்.

வருகிற ஞாயிறு காலை பிள்ளைக்காம்பராவில் இருப்போம். பழைய வினாத்தாள்கள் இருக்கும். பிள்ளையையும் கொப்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அப்பாமாரும் வரலாம்.