கணக்கு யாருக்குச் சொந்தம்?



பள்ளிக்கூடத்துக்கு வெளியே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். "உனக்குக் கணக்கு வராது" என்றார் உபாத்தியாயர். அது தலைவிதி என்றார் என் தகப்பனார். நானும் வெகுகாலம் நம்பினேன். ஆகவே இது எனக்குப் பொழுதுபோக்குப் பேச்சல்ல.

அமெரிக்காவில் நடந்த சங்கதியைக் கேளுங்கள். ராபர்ட் மோசஸ் என்பவர் 1935-ல் நியூயார்க் நகரத்து ஹார்லெமில் பிறந்த கறுப்பு இனத்தவர், கணக்கு உபாத்தியாயர். 1961-ல் மிசிசிப்பி மாகாணத்துக்குப் போய், கறுப்பு மக்களை ஓட்டர் ஜாபிதாவில் சேர்க்கப் பாடுபட்டார். அங்கே பெயர் பதியப் போகிறவன், மாகாண அரசியல் சட்டத்தில் ஒரு பகுதிக்கு அர்த்தம் எழுதி, பதிவு அதிகாரியைத் திருப்தி செய்யவேண்டும். ஒழுங்கான பள்ளிக்கூடம் கொடுக்காதவர்களே, படிப்பில்லை என்று ஓட்டையும் மறுத்தார்கள்! போதாதற்கு, "அவர்களுக்கு ஓட்டில் ஆசையே இல்லை" என்றும் சொன்னார்கள். 1965-ல் ஓட்டுரிமைச் சட்டம் வந்து அந்தப் பரீட்சை ஒழிந்ததும், ஜனங்கள் ஆயிரக்கணக்கில் பதிந்தார்கள். ஆசையில்லை என்ற பேச்சு எவ்வளவு பெரிய புரட்டு என்பது அப்போது விளங்கிற்று.

நிற்க. 1982-ல், மாசசூசெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், அவர் மகள் எட்டாம் வகுப்புக்கு வந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் எட்டாவதில் அல்ஜீப்ரா கிடையாது. அதனால் என்ன முழுகிப்போகும் என்பீர்கள். எட்டாவதில் அதை முடித்தால், ஹைஸ்கூல் நான்கு வருஷத்தில் படிப்படியாக ஏறிக் கடைசி வருஷத்தில் கால்குலஸைத் தொடலாம். முதற்படி பிந்தினால் எல்லாப் படியும் பிந்தும். என்ஜினீயர் படிப்புக்குப் போகும் வழி குறுகும்.

வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கு, வீட்டில் ஒரு கணக்கு, இரண்டும் முடியாது என்றாள் மகள். உபாத்தியாயினியிடம் போனார். "நீங்களே வகுப்புக்கு வந்து சொல்லிக் கொடுங்கள்" என்றார் அந்த அம்மாள். மகளோடு வேறு சில பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் அல்ஜீப்ரா ப்ராஜெக்ட் என்னும் இயக்கம். பிறகு பெற்றோர்களுக்கும் சனிக்கிழமை காலையில் வகுப்பு நடந்தது.

எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள்? பிள்ளைகளைப் பாஸ்டன் சுரங்க ரயிலில் ஏற்றினார்கள். ஒரு ஸ்டேஷனைப் பூஜ்யமாக வைத்துக்கொள். இந்தப் பக்கம் மூன்று ஸ்டேஷன், அந்தப் பக்கம் மூன்று ஸ்டேஷன். எண்ணிக்கை ஒன்றுதான், திசைதான் வேறு. ஆகவே ஒன்று கூட்டல் மூன்று, மற்றது கழித்தல் மூன்று. இதில் மந்திரம் எங்கே? பிறவி மூளை எங்கே?

தோழர்களே! பணமுள்ளவன் தன் பிள்ளைக்குத் தனி வாத்தியார் வைக்கிறான். அது குற்றமல்ல. ஆனால் அத்தோடு நின்றால் மற்றப் பிள்ளைகளுக்குக் கதவு அடைத்தே கிடக்கும். மோசஸ் தம் வீட்டோடு நிறுத்தியிருந்தால் ஒரு பெண் மாத்திரமே கரையேறியிருப்பாள். ஓட்டைப்போலவே கணக்கும் உரிமை என்று கருதி, 2021-ல் இறக்கும் வரையில் அவர் உழைத்தார்.

ஆகவே, பின்னக் கணக்குத் தெரிந்தவர்கள் மாலையில் பத்துப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவையுங்கள். அதோடு, பள்ளிக்கூடத்தில் இது ஏன் நடக்கவில்லை என்று போய்க் கேளுங்கள். வெளிவகுப்பு பள்ளிக்கூடத்துக்குப் பதிலல்ல; அதன் கதவைத் தட்டும் கை. நான் சொல்லுகிறேன் என்பதற்காக நம்பவேண்டாம். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் நாளைக்கே ஆரம்பியுங்கள்.