கமிஷனர் விசாரணையும் எக்ஸ்பார்ட்டி உத்தரவும்



பெரியோர்களே, தாய்மார்களே! பாகப்பிரிவினை, வாடகை, ஜீவனாம்சம் என்று மேல்சித்தாமூர் பக்கத்துக் குடும்பங்களும் செஞ்சி, திண்டிவனம் நீதிமன்றங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே பலர் தடுமாறும் இரண்டு விஷயங்களை மட்டும் இன்று சொல்கிறேன்.

முதலாவது, கமிஷனர் விசாரணை. கமிஷனர் என்றதும் போலீஸ் என்று பயப்படாதீர்கள். சிவில் வழக்கில் நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் அவர். பெரும்பாலும் ஒரு வக்கீல்தான். 2002இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, சாட்சியின் முதல் விசாரணை பிரமாணப் பத்திரமாகத் தாக்கலாகும். குறுக்கு விசாரணையை நீதிபதியோ கமிஷனரோ பதிவு செய்யலாம். சேலம் வழக்கறிஞர் சங்கம் இதை எதிர்த்துப் போட்ட வழக்கில், இந்த ஏற்பாடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கமிஷனர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். சாட்சியத்தையும் ஆட்சேபணையையும் எழுதிக்கொள்வார். முடிவு நீதிபதி கையில். ஆனால் சாட்சி நடந்துகொண்ட விதத்தையும் அவர் குறித்து வைக்கலாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களையும், வழக்கப்படி பொது இடத்துக்கு வராத கோஷா பெண்களையும் கமிஷனர் மூலம் விசாரிக்கும்படி மனுச் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு.

"அது கோர்ட் இல்லையே" என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். நீங்கள் வராவிட்டால், நீங்கள் இல்லாமலே கமிஷனர் விசாரணையை நடத்தலாம்.

இரண்டாவது, எக்ஸ்பார்ட்டி. சம்மனை வாங்க மறுத்தால் தப்பிக்க முடியாது. அது சார்வு செய்யப்பட்டதாகவே கருதப்படும். வாய்தாவுக்குப் போகாவிட்டால் உங்களை எக்ஸ்பார்ட்டி ஆக்குவார்கள். அத்தோடு வழக்கு முடிந்துவிடாது. தீர்ப்புக்கு முன்பே போனால் அந்தக் கட்டத்திலிருந்து கலந்துகொள்ளலாம் என்று சங்கிராம் சிங் வழக்கில் 1955இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே நடந்ததை மாற்ற வேண்டுமானால்தான் தக்க காரணம் காட்ட வேண்டும்.

தீர்ப்பே ஆகிவிட்டால் 30 நாளுக்குள் ரத்துக்கு மனுப் போட வேண்டும். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள். மாஜிஸ்திரேட் கோர்ட்டின் ஜீவனாம்ச உத்தரவு என்றால் மூன்று மாதம். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டிவரும். அதற்குள் எதிர்த்தரப்பு நிறைவேற்று மனுப் போட்டு, அமீனாவே வாசலுக்கு வந்துவிடலாம்.

எனவே சம்மன் வந்த அன்றே, வந்த தேதியை அதிலேயே எழுதி வக்கீலிடம் கொடுங்கள். வக்கீலுக்கு வசதி இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், தொலைபேசி 15100. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச உதவி உண்டு. ஒவ்வொரு வாய்தா தேதியையும் வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.