கன்சலுக்கு ஒரு வசந்தப் பாட்டு

வாழ்வையும் சாவையும் பற்றி ஆழமாகப் பாடிய பழைய ரோமானியக் கவிஞர் யார் என்று கேட்டால், பலர் லுக்ரீஷியஸைச் சொல்வார்கள். செத்தபின் நமக்கு உணர்வே கிடையாது, பிறகு ஏன் பயம் என்று ஆறு பாகம் கொண்ட நெடுங்கவிதையில் வழக்காடியவர் அவர். வாதம் பலமானதுதான். ஆனால் வாதத்தில் தீர்கிற பயமா அது? என் ஓட்டு ஹொராஸுக்கே.

ஹொராஸ் கி.மு. 65-இல் தென் இத்தாலியின் வெனூசியாவில் பிறந்தவர். தகப்பனார் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். ஏலத்தில் பணம் வசூலிப்பது தொழில். மகனை ரோமில் படிக்கவைத்து, பள்ளிக்கூடத்துக்குத் தாமே துணைக்குப் போனார். அவர் நீதிநூல் எதையும் ஒப்புவிக்கச் சொல்லவில்லை. தகப்பன் சொத்தைத் தின்று தீர்த்தவன் எவனாவது கண்ணில் பட்டால், அவனைக் காட்டிப் பையனை எச்சரிப்பாராம். ஆளைக் காட்டிச் சொல்லும் அந்தப் பழக்கம் மகனின் கவிதையிலும் ஊறிவிட்டது.

அவருடைய பாடல் தொகுதிகளில் முதல் தொகுதியின் நான்காம் பாடலைப் பாருங்கள். பனிக்காலம் போகிறது. கரையேற்றி வைத்த மரக்கலங்களைக் கடலுக்கு இழுக்கிறார்கள். மாடுகள் தொழுவத்தை வெறுக்கின்றன. நிலவொளியில் வீனஸ் தேவி ஆட்டத்தை நடத்துகிறாள். சரி, வசந்தப் பாட்டு என்று நாம் சாய்ந்து உட்காரும்போது மரணம் வந்து கதவை எட்டி உதைக்கிறது. குடிசைக்கும் கோபுரத்துக்கும் ஒரே உதைதான். 'ஆனால்' என்றோ 'ஆகவே' என்றோ ஒரு பாலம்கூடப் போடவில்லை கவிஞர். சாவு முன்னறிவிப்போடா வருகிறது? இந்தப் பாட்டைக் கேட்கும் செஸ்டியுஸ், தொகுதி வெளிவந்த கி.மு. 23-இல் கன்சல் பதவி வகித்தவர். ரோமில் அதைவிட உயர்ந்த பதவி தேடுவது கடினம். அவரிடம்தான், கீழுலகம் போய்விட்டால் விருந்துக்குத் தலைமை தாங்கச் சீட்டு விழாது என்கிறார்.

போஸ்டுமுஸ் என்பவருக்கு எழுதிய, இரண்டாம் தொகுதியின் பதினான்காம் பாட்டில் கிண்டல் இன்னும் கூர்மை. நூறு சாவி போட்டு நீ காத்த மதுவை உன் வாரிசு குடித்துத் தரையிலும் கொட்டுவான் என்கிறார். ஹொராஸுக்கே கி.மு. 8-இல் முடிவு நெருங்கியபோது, உயிலில் முத்திரையிடக்கூடத் தெம்பில்லை. பேரரசர் அகஸ்டஸ்தான் வாரிசு என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாப் பாட்டும் இந்தத் தரமில்லை. நாட்டுக்காகச் சாவது இனிது என்று அவர் பாடியதை என்னால் ரசிக்க முடியவில்லை. கி.மு. 42-இல் பிலிப்பிப் போரில் கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடியதை ஒப்புக்கொண்டவரும் அவரே. முதல் உலகப் போரில் பதுங்குகுழியைப் பார்த்த ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரட் ஓவன், அந்த வரியைப் பழைய பொய் என்றே எழுதினார். நானும் ஓவன் பக்கம்தான். அறத்தை மேடையேறி முழங்கும்போது ஹொராஸ் அரசாங்கக் கவிஞர். நண்பனோடு மதுவருந்தியபடி சாவைப் பேசும்போதுதான் பெரிய கவிஞர்.

மொழிபெயர்ப்பு கிடைத்தால் முதல் தொகுதியின் நான்காம் பாடலையும் இரண்டாம் தொகுதியின் பதினான்காம் பாடலையும் சேர்த்துப் படியுங்கள். கொஞ்சம் வாய்விட்டே படியுங்கள்.