வாசலில் நிற்கும் பிள்ளைகள்



2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியோடு பிணைக்கிறது. 18 வயது நிறையும் வரை அவன் சிறுவனே என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். இவ்விடைப்பட்ட நான்கு ஆண்டுகளில்தான், படிப்பை விட்டுத் தெருமுனையில் நிற்பவனைக் கும்பல்கள் 'தம்பி' என்றழைத்துச் சேர்த்துக்கொள்கின்றன. சிறுவரை அவ்வாறு குற்றத்தில் ஈடுபடுத்தும் பெரியவர்களுக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

சென்னைக் காவல்துறையின் 'சிற்பி' திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது, 100 பள்ளிகளிலிருந்து 5,000 மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அனைவரும் 8ஆம் வகுப்பினர். வழி பிரியும் வயது அதுவே.

பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் கூடும் நம் திருவண்ணாமலையில் சிறுவனுக்குக் கைக்கூலி எளிதில் கிடைக்கும். கண்காணிப்பவர் கிடைப்பது அரிது. ஆகவே, மக்தபுக்கு வராத பிள்ளையின் வீட்டுக் கதவை அன்றே தட்டுவோம். வசதியற்றவனின் படிப்பிற்கு பைத்துல்மாலிலிருந்து உதவுவோம். படிப்பு ஏறாதவனுக்குத் தொழில் கற்பிப்போம். ஆபத்தில் சிக்கியவனுக்காக 1098 என்னும் எண்ணை அழைக்கத் தயங்காதிருப்போம். தவறியவன் தொழுகைக்கு வரும் நாளில் முகம் சுளிக்காமல் ஸலாம் சொல்லி ஸஃப்பில் இடம் கொடுப்போம். நாம் விலக்கினால், அவனை அணைத்துக்கொள்ளக் கும்பல் வெளியே காத்திருக்கிறது.

அல்லாஹ் நம் மஹல்லாவின் பிள்ளைகளைக் காத்தருள்வானாக. ஆமீன்.