நாவலந்தீவும் நீள்வட்டமும்



ஆயக்குடியிலிருந்து பழனியைக் கடந்து மேற்கே சென்றால் ஐவர்மலை வரும். அங்குள்ள பார்சுவநாதர் திருமேனியைச் சாந்திவீரக் குரவர் புதுப்பித்த செய்தியை வரகுண பாண்டியன் காலக் கல்வெட்டொன்று கூறுகிறது. அதன் ஆண்டு சகம் 792, அதாவது கி.பி. 870. ஏறத்தாழ அதே காலத்தில், இராட்டிரகூட வேந்தன் அமோகவர்ஷன் ஆட்சியில், மகாவீராசாரியார் என்னும் சமணப் பேரறிஞர் கணிதசாரசங்கிரகம் என்ற நூலை இயற்றினார். வட்டம், வில், சங்கு, நீள்வட்டம் ஆகிய வளைந்த உருவங்களின் பரப்பை அந்நூல் விரிவாக ஆராய்கிறது.

வட்டக் கணக்கு சமணர்க்குப் பழைய உறவு. நாவலந்தீவு வட்டமானது, அதன் விட்டம் 1,00,000 யோசனை என்பது ஆகமக் கொள்கை. விட்டத்தின் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தைச் சுற்றளவாகக் கொண்டனர் முன்னோர். 3,16,227 யோசனை, 3 குரோசம், 128 வில், பதின்மூன்றரை விரலுக்குச் சற்று மிகுதி என்று விடை வந்தது. அச்சுற்றளவைக் கால் விட்டத்தால் பெருக்கினால் பரப்பு: ஏறக்குறைய 790 கோடியே 56 இலட்சத்து 94 ஆயிரத்து 150 சதுர யோசனை. பத்தின் வர்க்கமூலம் 3.162, வட்டத்துக்குரிய உண்மை விகிதமோ 3.1416. அரை விரல் வரை நுணுகி அளந்தவர்கள் சுற்றளவில் இரண்டாயிரம் யோசனைக்கு மேல் கூட்டிவிட்டனர்!

கால் விட்டத்தால் பெருக்குவது ஏன்? ஆயக்குடிக் கொய்யாவை வட்டமான வில்லையாக நறுக்கி, அவ்வில்லையை நடுவிலிருந்து பல கீற்றுகளாக்குக. கீற்றுகளை ஒன்று மேல்நோக்கியும் அடுத்தது கீழ்நோக்கியுமாக அடுக்கினால் ஏறத்தாழ ஒரு செவ்வகம் கிடைக்கும். அதன் நீளம் அரைச் சுற்றளவு. அகலம் அரை விட்டம். கீற்றுகள் மெலிய மெலியச் செவ்வகம் செம்மையாகும். அரைச் சுற்றளவை அரை விட்டத்தால் பெருக்குக என்று காரிநாயனாரின் கணக்கதிகாரம் கூறுவதும் இதுவே.

மகாவீராசாரியார் பருமட்டக் கணக்குக்கு 3 என்றும், நுண்கணக்குக்குப் பத்தின் வர்க்கமூலம் என்றும் இரண்டையும் தந்தார். கொய்யா மரத்தைச் சுற்றி 10 அடி விட்டத்தில் பாத்தி கட்டினால், முதல் வழியில் 75 சதுர அடி, இரண்டாவதில் 79, உண்மை 78.5. தோட்டத்துக்கு இது தாராளமாகப் போதும்.

நீள்வட்டத்தில்தான் சிக்கல். நீளம் 36, அகலம் 12 என்பது அவரே தந்த எடுத்துக்காட்டு. அகலத்தின் வர்க்கத்தை ஆறாலும் நீளத்தின் வர்க்கத்தை நான்காலும் பெருக்கிக் கூட்டி வர்க்கமூலம் காண்க என்றார். விடை ஏறத்தாழ 77.8. உண்மைச் சுற்றளவு 80. ஒன்பதாம் நூற்றாண்டில் இவ்வளவு நெருங்கியது வியப்பே. பிறகு வட்டத்துக்குச் செய்தது போலவே அதனைக் கால் அகலத்தால் பெருக்கினார். 233 வந்தது. உண்மைப் பரப்பு 339. அவருடைய பருமட்ட விடையான 252 கூட இதைவிட உண்மைக்கு அருகில் உள்ளது!

அவரைப் போற்றும் கட்டுரைகள் நீள்வட்டத்தை முதலில் ஆராய்ந்த இந்தியர் என்று சொல்லி நிறுத்திவிடுகின்றன. நூலோ 1912இலேயே ரங்காசாரியரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னையில் அச்சாகிவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சோதிக்கலாம்: நீள்வட்டத்தின் நான்கு முனைகளை இணைத்தால் வரும் சாய்சதுரத்தின் பரப்பே 216. எஞ்சிய நான்கு புடைப்புகளும் சேர்ந்து வெறும் 17தானா? வரைந்து பார்த்தால் கண்ணே மறுத்துவிடும். பிள்ளைகள் பிறரிடம் கேட்டறிவதைவிட வீட்டுப் பெரியோர் வாயால் கேட்பது நன்று.

வழி தொலைவில் இல்லை. 36 விட்டமுள்ள வட்டத்தை ஒரே சீராக அகலவாட்டில் மூன்றிலொரு பங்காக ஒடுக்கினால் அதே நீள்வட்டம், பரப்பும் மூன்றிலொன்றாகும். அவ்வட்டத்தின் பரப்பு, அவருடைய பத்தின் வர்க்கமூலத்தாலேயே, 1,024.6. மூன்றால் வகுத்தால் 341.5.